சொதி இல்லாத ஞாயிறு

வாரத்தின் ஆறு நாட்களைப் பிறருக்கு விற்றுவிட்டு, ஞாயிறு ஒன்றையே நமக்கென்று வைத்திருக்கிறோம். பிழைப்பை நாடிப் பிறந்த ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் இதன் அருமையை அறியாதார் இரார். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் பஜார் சாலையில் ஒரு நறுமணப் பொருள் வாணிக நிலையத்தில் கணக்கெழுதுகிறேன். என் மனைவி எறணாகுளத்தில் ஓர் அலுவலகத்துக்குப் பேருந்தேறிப் போய் வருகிறாள். மகள் திருச்சூரில் விடுதியில் தங்கி நுண்ணுயிரியல் படிக்கிறாள். சனிக்கிழமை மாலை வந்து திங்கட்கிழமை விடியலில் புறப்பட்டுவிடுவாள். எழுபத்தாறு வயதான என் தாயார் ஒருவரே எந்நேரமும் வீட்டில் இருப்பவர். நால்வரும் ஒன்றாய் அமர்ந்து உண்பது ஞாயிறு முற்பகல் ஒருவேளைதான். அந்த ஒருவேளையைப் பற்றியும், அதற்கு நேர்ந்த இடையூற்றைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் சங்கத்து அன்பர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அந்த உணவைக் காலைச் சிற்றுண்டி என்றும் சொல்ல இயலாது. பகலுணவு என்றும் சொல்ல இயலாது. எழுந்ததும் ஒரு காப்பி. பிறகு பத்தரை மணிக்கு இலை. இவ்வாறு இரண்டு வேளைகளை ஒன்றாக்குவதற்கு ஆங்கிலேயர் ‘பிரஞ்ச்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1895ஆம் ஆண்டில் கய் பெரிங்கர் என்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் உண்ணவேண்டும் என்று இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வாதாடிக் கட்டுரை வரைந்தார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் கண்விழித்துக் களித்தவர்கள் மறுநாள் காலை அவதிப்படாமல் இருக்கலாம் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. நம்மவர்க்கு இதற்குக் கட்டுரை வேண்டியிருக்கவில்லை. கச்சேரிக்குப் போகிறவர்கள் ஒன்பதரை, பத்து மணிக்கே சோறும் குழம்பும் உண்டு புறப்படுவது நம் பாட்டனார் காலத்து வழக்கந்தானே!

எங்கள் வீட்டில் அந்தப் பத்தரை மணிக்குச் சொதி. திருநெல்வேலிச் சீமையாருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை, மற்றையோர்க்காகச் சொல்கிறேன். தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுக்கவேண்டும். மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் சேர்த்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதை இட்டு, கடைசியில் கெட்டியான முதற்பாலை ஊற்றிக் கொதி வருமுன் இறக்கிவிடவேண்டும். எலுமிச்சம்பழச் சாற்றை இறக்கிய பின்னரே பிழியவேண்டும். அவசரப்பட்டால் பால் திரிந்து, எண்ணெய் வேறு நீர் வேறாகிவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் வேண்டும். திருமணத்துக்கு மறுநாள் விருந்தில் இடம்பெறும் இந்தப் பண்டத்தை என் தாயார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறுதோறும் செய்துவந்தார். அதற்கு இரண்டரை மணி நேரம் ஆகும் என்பதை நான் அறிந்ததே அண்மையில்தான்.

அவர் 1970இல் மணமாகி இவ்வூருக்கு வந்தவர். தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் சென்று, அங்கிருந்து எறணாகுளம் சேரும் மீட்டர் பாதையில் வந்து, படகேறி மட்டாஞ்சேரித் துறையில் இறங்கினாராம். 1904இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கோட்டை மலைப்பாதையின் வழியாகப் பிழைக்க வந்த நெல்லைக் குடும்பங்கள் எத்தனையோ! வழி நெடுக அவர் மடியில் ஒரு ஹார்லிக்ஸ் புட்டி இருந்தது. உள்ளே, என் பாட்டியார் காய்ச்சிக் கொடுத்த புளிக்காய்ச்சல். அடுப்பு அமைந்து, கடைகண்ணி பழகி, மொழி பிடிபடும் வரையில் அந்தப் புளிக்காய்ச்சலே புதுக்குடித்தனத்தைக் காப்பாற்றிற்று. தந்தையார் மிளகுக் கிட்டங்கி ஒன்றில் கணக்கப்பிள்ளை. 1957இல் தோன்றிய மிளகு வாணிகச் சங்கத்தில், யூதர் தெருவில், மிளகைக் கூவி விலைபேசிய காலம் அது. அண்டையில் கொங்கணியர், எதிரில் குஜராத்தியர், அடுத்த சந்தில் கச்சி முஸ்லிம்கள், பின்வீட்டில் மலையாளத்தார். கோட்டைக் கொச்சிப் பக்கம் போனால், டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள். இத்தனை பேர் நடுவே “இது இன்னார் வீடு” என்று காட்டியது எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சொதியின் மணந்தான்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், மலையாளத்தார் கர்க்கடகம் என்று சொல்லும் அந்த அடைமழை நாட்களில், தாயார் பின்கட்டில் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நான், “அம்மா, இனிமேல் நீங்கள் அடுக்களைப் பக்கமே வரவேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்” என்றேன்.

அன்பினால் சொன்னதுதான். ஆனால் கட்டுக்கு ஆறு வாரம் என்று எல்லை உண்டு. “இனிமேல்” என்ற சொல்லுக்கு எல்லை இல்லை. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

முதல் ஞாயிறு உணவுவிடுதியிலிருந்து வாங்கி வந்தேன். தாயார் இரண்டு கவளம் உண்டு எழுந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மாலை என் மனைவி, “நாளைக்கு நான் சொதி வைக்கட்டுமா, அத்தை?” என்று கேட்டாள். “வேண்டாம் அம்மா. உனக்கு அந்த ஒருநாள்தானே ஓய்வு” என்று அவர் மறுத்துவிட்டார். அன்றிரவு வந்த மகள் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாலட்டின்மேல் ஊற்றும் ‘டிரெஸ்ஸிங்’ என்னும் புளிப்புக் கலவை அது. “விடுதியில் நாங்கள் இதை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமையைச் சமாளிக்கிறோம். நாளைக்கு நானும் அப்பாவும் சமைக்கிறோம், அம்மாவும் ஆச்சியும் உட்கார்ந்திருக்கட்டும்” என்றாள். உட்கார்ந்திருக்கட்டும் என்ற சொல் மறுபடியும் வந்ததை அப்போதும் நான் கவனிக்கவில்லை.

சமையல் வெகு எளிது. இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் உப்பிட்டு வேகவைத்தோம். உருளைக்கிழங்கைத் தோலுடன் வேகவைத்து உரித்துத் துண்டாக்கினோம். வெங்காயத்தை மெல்லிதாக அரிந்து உப்பு நீரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் காரம் அடங்குகிறது. முட்டைக்கோசு பொடியாக அரியவேண்டும். வெள்ளரியையும் தக்காளியையும் கடைசியில் நறுக்கி, உண்ணும் தறுவாயில் மட்டும் உப்பிடவேண்டும். முன்னரே உப்பிட்டால் நீர் விட்டுத் துவண்டுபோகும். ரொட்டித் துண்டுகளைத் தோசைக்கல்லில் நெய் தடவிச் சிவக்க வாட்டினோம். முட்டை உண்பவர்க்கு அவித்த முட்டை. எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் இட்டுப் புட்டியிலிருந்து நான்கு கரண்டி ஊற்றிக் கலந்தால் முடிந்தது. தொடங்கி முக்கால் மணி நேரத்தில் நால்வருக்கும் தட்டு வைத்துவிட்டோம். என் மனைவி அன்று குளித்து முடித்து, ஈரத்தலையுடன் சாவகாசமாக மேசையில் வந்து அமர்ந்தாள். அவள் அவ்வாறு அமர்ந்து எத்தனை ஞாயிறுகள் ஆயினவோ!

நான்காவது தட்டு மட்டும் அப்படியே இருந்தது. தாயார் வாசல் அறை நாற்காலியில் இருந்தபடியே, “எனக்குப் பசிக்கவில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்” என்றார்.

மருந்து உண்ண வேண்டியவர். வயிறு காலியாக இருக்கக்கூடாது. நான் எழுந்து போய் அழைத்தேன். “பசிக்கவில்லை என்றேனே ஐயா” என்று முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சினமே வந்தது. சொதி இல்லாவிட்டால் இப்படி ஒரு பிடிவாதமா என்று எண்ணினேன். அவர் உண்ணாதது சொதிக்காக அன்று என்பது என் மகளுக்குத்தான் தோன்றியிருக்கிறது. அவள் தட்டையும் புட்டியையும் எடுத்துக்கொண்டுபோய் ஆச்சியின் காலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு வாய் ருசி பாருங்க ஆச்சி.”

“புட்டியில் வருவதெல்லாம் மருந்துதான், ஏட்டி. மருந்து எனக்கு மூன்று வேளையும் இருக்கிறது.”

“மருந்து இல்லை ஆச்சி. என்னென்ன இருக்கிறது என்று படிக்கிறேன், கேளுங்க.” அவள் ஒட்டுச்சீட்டைப் படிக்கலானாள். எண்ணெய், நீர், காடி, சர்க்கரை, உப்பு, பூண்டு, மிளகு, இறுதியில் சாந்தன் பிசின்.

“கடைசியில் என்னவோ பிசின் என்றாயே, அது எந்த மரத்துப் பிசின்?”

என் மகளுக்குத் தன் பாடத்திலேயே கேள்வி வந்துவிட்ட மகிழ்ச்சி. அது மரத்துப் பிசின் அன்று. முட்டைக்கோசு இலையைக் கரும்புள்ளி விழுந்து அழுகச் செய்யும் ஒரு நுண்ணுயிரைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து, அது சுரக்கும் கொழகொழப்பைத் தூய்மை செய்து எடுப்பது. அமெரிக்க அரசின் வேளாண் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டு, 1969இல் அந்நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி பெற்றது. சிறிதளவு சேர்த்தாலே நீர் கெட்டிப்பட்டு, எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடி மேலே மிதக்காமல் தடுத்துவிடும். இவற்றையெல்லாம் அவள் சொல்லி முடித்தாள்.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “முட்டைக்கோசை அழுக வைப்பதிலிருந்து பிசின் எடுத்து, அதைக் கொண்டுவந்து முட்டைக்கோசின் மேலேயே ஊற்றுகிறார்களா? நல்ல கூத்து!” என்றார். மேசையிலிருந்த நாங்களும் சிரித்துவிட்டோம். விழுந்த நாள்முதல் அவர் வாயிலிருந்து வேடிக்கைப் பேச்சு வந்தது அதுவே முதல்முறை.

“எண்ணெயும் புளிப்பும் சேர்ந்து நிற்க இத்தனை பாடா? பச்சைக் கடுகை நுணுக்கிப் போட்டால் நிற்காதா?” என்று அவரே கேட்டார். இவ்வூருக்கு வந்த புதிதில் பின்வீட்டு மலையாள அம்மையார் வெள்ளரிக்காய்க் கிச்சடிக்குக் கடுகை வறுக்காமல் சதைத்துப் போடுவதைக் கண்டு கற்றுக்கொண்டதாம் அந்தப் பக்குவம். “இங்கே வா. நான் சொல்லுகிறபடி செய். அந்தச் சின்ன அம்மியை எடு” என்று நாற்காலியை விட்டு எழுந்தார். அடுக்களை வாசலில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். நான் விலகி வழி விட்டேன். அந்தப் பார்வையில்தான், இரண்டு வாரமாக நான் அவரை எங்கே நிறுத்தி வைத்திருந்தேன் என்பது எனக்குப் புரிந்தது.

அவர் சொல்ல என் மகள் செய்த முறை இது. நால்வருக்குப் போதும். ஒரு தேக்கரண்டிக் கடுகை நுணுக்கிச் சிறிது நீர் தெளித்துப் பத்து நிமிடம் வைக்கவேண்டும். அதனுடன் அரைத் தேக்கரண்டி உப்பு, அவ்வளவே பொடித்த வெல்லம், கால் தேக்கரண்டி மிளகுத் தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சிச்சாறு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சம்பழச் சாறு. இவை கரைந்த பின் ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். ஒரு பங்கு புளிப்புக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது மேனாட்டார் கணக்கு. தாயார் கணக்கின்றியே அங்கு வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் ஊற்றி மூடியதும், “கொடு இப்படி” என்று இடக்கையால் வாங்கிக் குலுக்கத் தொடங்கினார். தேங்காய்ப்பால் பிழிய இரண்டு கை வேண்டும். புட்டி குலுக்க ஒரு கை போதும் அல்லவா? வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு மேலாகப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் நூறு எண்ணும்வரை குலுக்கினார். எண்ணெயும் சாறும் இளமஞ்சள் நிறத்தில் குழைந்து ஒன்றாயின. அதன்பின் மேசைக்கு வந்து இடக்கையில் கரண்டி பிடித்து இரண்டு தட்டு உண்டார்.

மகள் எனக்கு அப்புறம் விளக்கினாள். எண்ணெயும் நீரும் இயல்பில் சேரா. குலுக்கினால் எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சிதறும். விட்டுவைத்தால் மறுபடியும் கூடிவிடும். கடுகுத் தோலிலுள்ள வழுவழுப்பு அத்துளிகளைச் சூழ்ந்து நின்று, அவை ஒன்றோடொன்று கூடுவதை நெடுநேரம் தாமதப்படுத்துகிறது. தேங்காய்ப்பாலும் இத்தகையதே. அங்கே தேங்காயின் புரதம் எண்ணெய்த் துளிகளைக் காக்கிறது. கொதிக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் அந்தப் புரதம் திரண்டு பால் பிரிந்துவிடுகிறது. ஆகவே சொதியும் புட்டிக் கலவையும் ஒரு குலத்தவை. ஐம்பது ஆண்டுகளாக எண்ணெயையும் நீரையும் புளிப்பையும் பிரியாமல் காத்து வந்தவருக்கு, நாங்கள் அதைப் புதுமை என்று காட்டியிருக்கிறோம்!

புட்டி உணவு சோம்பேறிகளின் உணவு என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. சிந்தித்துப் பார்த்தால், ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் சரித்திரமே புட்டிகளிலும் சாடிகளிலும் அடங்கியிருக்கிறது. இவ்வூர் மலையாளத்தார் காடியை ‘வினாகிரி’ என்கிறார்கள். அது போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். மிளகு தேடி 1500இல் கொச்சிக்கு வந்த அவர்களுடைய கப்பல்களின் வழியாகவே பிற்பாடு மிளகாயும் நம் நாட்டுக்கு வந்தது. உலகெங்கும் பெயர்பெற்ற சீசர் சாலட், இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன சீசர் கார்டினி என்பவர் மெக்சிகோ நாட்டு டிஹுவானா நகரில் 1924இல், கையிருப்பில் இருந்ததைக் கொண்டு ஆக்கியது என்று சொல்லப்படுகிறது. பின்னர் அவர் குடும்பத்தார் அமெரிக்காவில் அந்தக் கலவையைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். நம் தாய்மார் மடியில் புளிக்காய்ச்சலையும் இட்லிப்பொடியையும் ஏந்தி மலை கடந்தார்கள். அயலூரில் அவசரத்துக்கு உதவுவதற்காக, நேரமுள்ள ஒருவர் முன்கூட்டிச் செய்து அடைத்துக் கொடுத்த உழைப்புத்தான் எல்லாப் புட்டியிலும் இருக்கிறது.

கடைப் புட்டியை வாங்குவோர்க்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். ஒட்டுச்சீட்டில் பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரையும் உப்பும் முன்வரிசையில் நின்றால் அளவாக ஊற்றுங்கள். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். திறந்த புட்டி குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும். வீட்டில் குலுக்கியதை அங்கேயே வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைப்பது ஆபத்து. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் நஞ்சாகக்கூடும்.

அன்று மாலை தாயாரிடம், நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். “எதைச் சொன்னாய்?” என்று அறியாதவர்போல் கேட்டார். “அடுக்களைக்கு வரவேண்டாம் என்றேனே.” “அதை யார் கேட்டார்கள்?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஆறு வாரம் சென்று கட்டுப் பிரித்தார்கள். கை முன்போல் இல்லை. அழுத்திப் பிழிய வலுவில்லை. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு சொதி. தேங்காய்ப்பாலை நான் பிழிகிறேன். முதற்பால் எப்போது, எலுமிச்சை எப்போது என்று அவர் பக்கத்தில் நின்று சொல்கிறார். மற்ற ஞாயிறுகளில் கடலையும் காய்களும் புட்டியும். சனிக்கிழமை இரவு கடலை ஊறப்போட்டாயிற்றா என்று விசாரிப்பவர் அவர். மாதத்தில் மூன்று ஞாயிறு என் மனைவி எட்டு மணி வரை உறங்குகிறாள்.

சென்ற திங்கட்கிழமை விடியலில் மகள் புறப்படும்போது, அவள் பையில் ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றை வைத்தார் தாயார். மூடிமேல் துணி சுற்றி நூலால் இறுகக் கட்டியிருந்தது.

“விடுதியில் நான்கு பேருக்குக் காணும். வண்டியில் கவிழ்த்துவிடாதே, மடியிலேயே வைத்துக்கொள்” என்றார்.